கவனம், ஊகம், கட்டுப்பாடு: மூளை இதையெல்லாம் எப்படிச் செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வந்து குவியும் செய்திகளில் எதற்கு இடம், எதற்கு இல்லை என்று தெரிவது கவனம். அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே போட்டுவைக்கும் கணக்கு ஊகம். பழக்கம் ஒரு பக்கம் இழுக்க, எடுத்த காரியத்தின் பக்கம் நிற்பது கட்டுப்பாடு. பாடப்புத்தகங்கள் மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயம் கொடுக்கும். மூளைக்குள் அவ்வளவு நேரான மதில் கிடையாது. கீழே உள்ள பதில்களிலும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துதான் வரும்.

கவனம் மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒரே இடம் என்று காட்ட முடியாது. மைக்கேல் போஸ்னரும் ஸ்டீவன் பீட்டர்சனும் 1990இல் செய்த பிரிப்பு இன்றும் கைகொடுக்கிறது: விழிப்பாக இருப்பது, ஒன்றின் பக்கம் திரும்புவது, இரண்டு முரண்படும்போது தீர்த்துவைப்பது.

விழிப்புக்கான முக்கிய ஊற்று மூளைத்தண்டில் உள்ள லோகஸ் சிருலியஸ். நீலம் பாரித்த, மிகச் சிறிய நரம்புக்கரு. அங்கிருந்து கிளம்பும் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் நொரட்ரினலின் என்ற இரசாயனத்தைக் கொண்டுபோகின்றன. அது குறைந்தால் தலை தொங்கும். மிஞ்சினால் மனம் நாலாபக்கமும் பாயும். நடுவில் உள்ள ஒரு அளவில்தான் வேலை ஓடும். பரீட்சை மண்டபத்தில் படித்ததெல்லாம் மறைந்துபோவதில் இந்த மிஞ்சலுக்கும் ஒரு பங்கு உண்டு.

திரும்புவதற்கு இரண்டு வழித்தடங்கள் உண்டு என்று கோர்பெட்டாவும் ஷுல்மனும் 2002இல் தொகுத்துக் காட்டினார்கள். காலி வீதியில் நின்று, வரும் பஸ்களில் 100ஆம் இலக்கத்தைத் தேடுகிறீர்கள். அப்போது வேலை செய்வது மேல் தடம்: உச்சிமடலில் உள்ள ஒரு மடிப்பும், நெற்றிமடலில் கண் அசைவுக்கான பகுதியும். பின்னால் ஒரு ஆட்டோ திடீரென ஹோர்ன் அடிக்கிறது, தலை தானாகத் திரும்புகிறது. அது கீழ்த் தடம். பெரும்பாலும் வலது மூளைக்குரியது, பொட்டுமடலும் உச்சிமடலும் சந்திக்கும் இடத்தை மையமாகக் கொண்டது.

மேல் தடம் சும்மா 'பார்' என்று உத்தரவு போடுவதோடு நிற்பதில்லை. குரங்குகளில் கண் அசைவுப் பகுதியை, கண் அசையாத அளவுக்கு மிக மெல்லிய மின்சாரத்தால் தூண்டியபோது, பார்வைப் புறணியில் (பார்வைக்கான மூளை மேற்பட்டையில்) அதற்குப் பொருத்தமான இடத்துக் கலங்களின் பதில் கூடியது. மூர், ஆர்ம்ஸ்ட்ராங் இருவரும் 2003இல் செய்த சோதனை இது. கவனம் என்பது பார்வைக் கலங்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி என்று சொல்வதற்கு இதைவிட நேரான சான்று குறைவு.

மூளை ஊகிக்கிறது என்கிறார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க ஊகம் எதற்கு?

கண்ணிலிருந்து வருவது நேரம் பிந்திய, ஓட்டை விழுந்த செய்தி என்பதால். செக்கனுக்கு மூன்று முறை அளவில் கண் தாவுகிறது. தாவும்போது வருவது பெரும்பாலும் அமுக்கப்படுகிறது. மிச்சத்தை மூளை இட்டு நிரப்புகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை உணராமல் செய்யும் அனுமானம் என்றார்.

உடற்கூறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. விழித்திரைக்கும் புறணிக்கும் இடையே, மூளையின் நடுவில் உள்ள தலமசில் ஒரு இடைநிலையம் இருக்கிறது. அங்கே வந்து சேரும் இணைப்புகளில் விழித்திரையிலிருந்து வருபவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். புறணியிலிருந்து திரும்பி வருபவை அதைவிட மிக அதிகம். செய்தி மேலே மட்டும்தான் போகிறது என்றால் கீழே வர இத்தனை கம்பி எதற்கு? 1999இல் ராவும் பல்லார்டும் ஒரு விடை சொன்னார்கள்: மேல்மட்டம் தன் ஊகத்தைக் கீழே அனுப்புகிறது, கீழ்மட்டம் ஊகத்துக்குப் பொருந்தாத மிச்சத்தை மட்டும் மேலே அனுப்புகிறது. வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் வழக்கமான செலவை விட்டுவிட்டு, கூடின குறைந்ததை மட்டும் எழுதுவது போல.

மூளை முழுவதையும் இந்த ஒரு கோட்பாட்டுக்குள் அடக்கிவிட ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பார்வையில் அது அவசரம். ஆனால் மூளை ஊகிக்கிறது, ஊகம் பிசகினால் அதற்கென்று ஒரு சமிக்ஞை எழுகிறது என்ற அளவில் சான்று உறுதியாக இருக்கிறது. தலையில் மின்வாய் ஒட்டி ஒரே மாதிரி 'டிக்' சத்தத்தைக் கேட்கவிட்டு, நடுவில் ஒன்றை மட்டும் சற்று மாற்றினால், ஏறக்குறைய 150 முதல் 250 மில்லிசெக்கனுக்குள் ஈ.ஈ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) கோட்டில் ஒரு பள்ளம் விழும். கேட்பவர் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாலும் விழும். மொழியிலும் இதற்கு ஈடு உண்டு. 'பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துப் படித்தான்' என்று வாசிக்கும்போது உங்களுக்கு ஏற்பட்ட இடறல் அந்த வகை. பொருள் பொருந்தாத சொல்லுக்கு ஏறக்குறைய 400 மில்லிசெக்கனில் எழும் அலையை 1980இல் குட்டாஸும் ஹில்யார்டும் பதிந்தார்கள்.

எஸ்கலேட்டர் நின்றிருப்பது தெரிந்தும் கால் வைக்கும்போது ஏன் தடுமாறுகிறது?

கரண்ட் போன நேரத்தில் கடைத்தொகுதிக்குப் போனவர்களுக்கு இது தெரியும். படி நகரவில்லை என்று கண் சொல்கிறது, புத்தியும் ஒத்துக்கொள்கிறது. ஆனாலும் முதல் அடியில் உடம்பு முன்னால் சாய்கிறது. நகரும் படியில் ஏறும்போது பின்னால் விழாமல் இருக்க, கால் படுவதற்கு முன்னரே உடம்பு வேகம் கூட்டி முன்சாய வேண்டும். அந்தக் கணக்கைப் பழகி வைத்திருக்கும் இயக்கத் தொகுதி, உங்களிடம் கேட்காமலே அதைப் போட்டுவிடுகிறது. ரேய்னால்ட்ஸ், பிரான்ஸ்டீன் இருவரும் 2003இல் ஆய்வுகூடத்தில் நகரும் பலகை வைத்து இதை உண்டாக்கினார்கள். 'இனிமேல் நகராது' என்று தெளிவாகச் சொன்ன பிறகும் ஆட்கள் வேகமாக ஏறிச் சாய்ந்தார்கள். ஓரிரு தடவையில் அது பெரும்பாலும் அடங்கிப்போனது.

கவனிக்க வேண்டியது: அறிவு திருத்தாததை ஒரு பிழையான அடி திருத்துகிறது. இயக்க ஊகங்களைப் பிழையை வைத்துத் திருத்தும் வேலையில் சிறுமூளைக்கு, உயர்தர உயிரியல் புத்தகம் மூளி என்று சொல்லும் பகுதிக்கு, பெரும் பங்கு உண்டு. உங்களை நீங்களே கிச்சுகிச்சு மூட்ட முடியாததும் அதே கதைதான். உங்கள் கை என்ன செய்யப்போகிறது என்ற நகல் ஏற்கெனவே போய்ச்சேர்ந்துவிடுகிறது.

சனநெருக்கத்தில் யார் யாரோ கதைக்கும்போதும் என் பெயரைச் சொன்னால் மட்டும் கேட்கிறதே?

நினைப்பது போல அவ்வளவு கேட்பதில்லை. ஒரு காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது மறு காதில் சொந்தப் பெயரைச் சொன்னால், கவனித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. மோரே 1959இல் கண்ட இந்த அளவு பின்னரும் ஏறக்குறைய அப்படியே கிடைத்தது. 2001இல் இன்னொரு சுவையான விபரம் சேர்ந்தது: பணி நினைவு, அதாவது வேலை நடக்கும்போது செய்திகளை மனதில் தாங்கிவைக்கும் திறன், பலமானவர்களில் 20 சதவீதத்தினர்தான் தங்கள் பெயரைக் கேட்டார்கள், பலவீனமானவர்களில் 65 சதவீதத்தினர். ஆக, கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை சில நேரம் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மேசையில் திறப்பு இருந்தது. மூன்று தடவை பார்த்தும் காணவில்லை. கண்ணில் ஏதும் பிரச்சினையா?

அனேகமாக இல்லை. தேடும் உருவம் மனதில் பிழையாக இருந்திருக்கும். சிவப்பு வாரோடு தேடியிருப்பீர்கள், வார் கழன்றிருக்கும். 2013இல் நுரையீரல் சீ.டி. படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை, தேடப்படும் முடிச்சுகளைவிடப் பல மடங்கு பெரிதாக வைத்து, 24 கதிரியல் வைத்தியர்களிடம் கொடுத்தார்கள். 20 பேர் காணவில்லை. பலருடைய கண் அதன் மீதே நின்று போயிருந்தது. தேடும்போது பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறு பக்கமாக நின்று பாருங்கள்.

கட்டுப்பாடு என்பதை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். ஸ்ட்ரூப் 1935இல் செய்த சோதனைக்கு வேண்டியது நான்கு பேனை: சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. மஞ்சள் வேண்டாம், வெள்ளைத் தாளில் மங்கும், நேரம் பிழைக்கும்.

முதல் தாளில் 40 சிறு கட்டங்களை நான்கு நிறத்திலும் கலந்து போடுங்கள், வரிசைக்கு எட்டு. இரண்டாவது தாளில் அதே 40 இடத்தில் நிறப் பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் வேறு மையில் இருக்க வேண்டும். 'சிவப்பு' என்பதை நீல மையில், 'கறுப்பு' என்பதைப் பச்சையில். ஒரே மை அடுத்தடுத்து வரக்கூடாது. இரண்டு தாளிலும் மையின் நிறத்தைத்தான் சொல்ல வேண்டும், சொல்லை வாசிக்கக்கூடாது. பிழைவிட்டால் திருத்திவிட்டுத் தொடர வேண்டும். போனில் நேரம் பிடியுங்கள். ஸ்ட்ரூப் 100 உருப்படிகள் வைத்தார். கட்டங்களுக்கு சராசரி 63.3 செக்கன் எடுத்தது, பொருந்தாத சொற்களுக்கு 110.3.

எங்கே பிழைக்கும்? கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொள்வார்கள். பிறகு வாசிப்பே நடக்காது, வித்தியாசமும் வராது. சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவருக்கு இது பொருந்தாது. சற்றுமுன் ஒதுக்கிய சொல் அடுத்த மையின் நிறமாக வந்தால் அந்த இடத்தில் இன்னும் தாமதமாகும், ஆகவே அப்படி வரிசைப்படுத்தாதீர்கள். கொழும்பில் முக்கியமாக ஒன்று: பிள்ளை ஆங்கில மொழிமூலம் படித்து, தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பதாக இருந்தால், தமிழ்த் தாளில் தடுமாற்றமே இருக்காது. அதைப் பார்த்து 'என் பிள்ளைக்கு அபார மனக்கட்டுப்பாடு' என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் சோதனை சரளமான வாசிப்பை எதிர்த்து நிற்பதை அளக்கிறது. சரளமே இல்லாத இடத்தில் எதிர்க்க ஒன்றும் இல்லை. பிள்ளை எந்த மொழியை ஓடி வாசிக்கிறதோ அந்த மொழியில் இன்னொரு தாள் செய்யுங்கள்.

உள்ளே நடப்பது: சொல்லை வாசிப்பது பழகிய பெரும் பாதை, நிறத்தைச் சொல்வது ஒற்றையடிப் பாதை. இரண்டும் ஒரே வாய்க்காகப் போட்டியிடுகின்றன. நெற்றிமடலின் உட்பக்கத்தில் உள்ள முன்புறச் சிங்குலேற் புறணி இந்த மோதலைப் பிடிக்கிறது. நெற்றிமடலின் பக்கப் புறணி 'நிறம்தான் வேண்டும்' என்ற விதியைத் தாங்கிப்பிடித்து ஒற்றையடிப் பாதைக்கு உந்துதல் கொடுக்கிறது. மில்லரும் கோஹனும் 2001இல் முன்நெற்றிப் புறணியை ரயில் பாதை மாற்றும் பொயின்டுக்கு ஒப்பிட்டார்கள். மருதானையில் பாதைகள் பிரிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: ரயிலை ஓட்டுவது பொயின்ட் அல்ல, எந்தத் தண்டவாளத்தில் ஓடும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது.

பிழைவிட்ட மறு கணமே 'ஐயோ' என்று தெரிந்துவிடுகிறதே, எப்படி?

ஈ.ஈ.ஜி.யில் பிழையான பொத்தானை அழுத்தி 100 மில்லிசெக்கனுக்குள் நெற்றியின் நடுப்பகுதியில் ஒரு எதிர்மின் அலை உச்சத்துக்குப் போகும். கண்ணால் பார்த்துச் சரிபிழை அறிய அவ்வளவு நேரம் காணாது. போட்ட கட்டளையையும் போட்டிருக்க வேண்டிய கட்டளையையும் உள்ளுக்குள்ளேயே ஒப்பிட்டாக வேண்டும். அதன் ஊற்றும் முன்புறச் சிங்குலேற்தான். அடுத்த உருப்படியில் ஆள் கொஞ்சம் மெதுவாவார். பிள்ளை ஒரு பிழைக்குப் பிறகு மெதுவாக எழுதினால் அவசரப்படுத்தாதீர்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்தால் உண்மையிலேயே கெடுதலா?

வைத்திருப்பதும் அதற்கு மறுமொழி கொடுப்பதும் வேறு வேறு. போன் சும்மா மேசையில் கிடப்பதே மூளையைக் குறைக்கிறது என்று 2017இல் வந்த ஆய்வு பெரிய செய்தியானது. மறுபடி சோதித்தவர்களுக்கு அது ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை. ஆனால் அறிவிப்புச் சத்தம் வந்தால், போனைத் தொடாவிட்டாலும் கவனத் தேர்வில் பிழை கூடுகிறது என்று 2015இல் காட்டப்பட்டது. ஊகத் தொகுதிக்கு அது தூண்டில். வருவது அம்மாவா, விளம்பரமா, நண்பனா என்று தெரியாது. எப்போது வரும் என்றும் தெரியாது. டோபமின் என்ற இரசாயனத்தை வெளிவிடும் மூளைக் கலங்கள் பதில் சொல்வது பரிசுக்கு என்பதைவிட, எதிர்பாராத பரிசுக்கு. ஷுல்ற்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துக் கண்டது, 1997இல் கோட்பாடாகத் தொகுக்கப்பட்டது: எதிர்பாராமல் வந்தால் கலங்கள் துள்ளும், முழுதும் எதிர்பார்த்தபடி வந்தால் அசையாது, எதிர்பார்த்தது வராவிட்டால் அடங்கிப்போகும்.

பிறகு மாறும் செலவு. பௌதிகக் கணக்கிலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய் வந்தால், முந்திய வேலையின் விதிகளை மறுபடி ஏற்ற வேண்டும். ரொஜர்ஸும் மொன்செலும் 1995இல் காட்டியபடி, மாறப்போகிறோம் என்று முன்பே தெரிந்து ஆயத்தமாக நேரம் கொடுத்தாலும் அந்தச் செலவு முழுதாகப் போவதில்லை, ஒரு மிச்சம் நிற்கும். கணக்கு நடுவே மனதில் தாங்கியிருக்கும் உருப்படிகள் நான்கு அளவில்தான். இடைஞ்சலில் முதலில் உதிர்வது அவைதான்.

செய்யக்கூடியது எளிது. சத்தத்தையும் அதிர்வையும் நிறுத்திவிட்டுப் போனை வேறு அறையில் வைப்பது. எழுந்து போகும் முன் தாளின் ஓரத்தில் அடுத்த படியை ஒரு வரியாக எழுதிவைப்பது: 'இனி உராய்வு விசையைச் சேர்க்க வேண்டும்'. திரும்பி வரும்போது அந்த வரி விதிகளை ஏற்றிவிடும். வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் இருக்கும் ஃபிளாட்டில் வேறு அறை ஏது என்றால், பையின் அடியில் போட்டு சிப்பை இழுத்துவிடுங்கள். எடுக்கும் பாதை நீள நீளக் கட்டுப்பாட்டுக்கு வேலை குறையும்.

ஹாண்ட்ஸ்ஃப்ரீ போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டலாம்தானே? கை இரண்டும் ஸ்டியரிங்கில்தானே இருக்கிறது?

கை பிரச்சினை இல்லை. 1997இல் வந்த ஆய்வொன்றில் போன் கதைக்கும் நேரத்தில் மோதும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஹாண்ட்ஸ்ஃப்ரீ பாவித்தவர்களுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. 2001இல் ஸ்ட்ரேயர், ஜொன்ஸ்ரன் இருவரும் வாகனம் ஓட்டுவதைப் போன்ற ஆய்வுகூட வேலையில் சோதித்தபோது, கதைத்துக்கொண்டிருந்தவர்கள் சமிக்ஞையைத் தவறவிடுவது இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. கண் வீதியைப் பார்க்கிறது, பார்த்தது பதியவில்லை. மணிக்கு 50 கிலோமீற்றரில் செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகிறீர்கள். பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்ததை ஒரு செக்கன் பிந்திப் பிடித்தால் வாகனம் ஐந்து ஆட்டோக்களின் நீளத்தைத் தாண்டிவிடும். பக்கத்தில் இருப்பவர் கதைப்பது அவ்வளவு ஆபத்தில்லை, ஏனென்றால் கலர் லைட்டைக் கண்டால் அவரும் வாயை மூடுவார்.

மூன்று மொழி பேசும் பிள்ளைக்கு மூளைக் கட்டுப்பாடு கூடுதலாமே?

வெள்ளவத்தையில் வளரும் பிள்ளை வீட்டில் தமிழ், பஸ்ஸில் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம் என்று போய்வருகிறது. இது தனிப்பயிற்சி என்ற கருத்துக்கு 2004இல் பியாலிஸ்டொக் குழுவின் முடிவுகள் வலுச்சேர்த்தன. 2013இல் பாப், கிரீன்பேர்க் இருவரும் அப்படி ஒரு முன்னிலை தெரியவில்லை என்றார்கள். முன்னிலை கண்ட ஆய்வுகளே எளிதாக அச்சேறின என்றும் 2015இல் காட்டப்பட்டது. ஆகவே பல மொழியைக் கற்பியுங்கள், மொழிக்காகக் கற்பியுங்கள்.

மொழி மாறும் செலவு மட்டும் உறுதியானது, அதில் ஒரு விசித்திரமும் உண்டு. பலவீனமான மொழியிலிருந்து பலமான மொழிக்குத் திரும்புவதுதான் கூடுதல் தாமதம். மொய்ட்டரும் ஆல்போர்ட்டும் 1999இல் கண்டது. சிங்களத்தில் பேச வேண்டுமென்றால் தமிழைப் பலமாக அமுக்க வேண்டும். அமுக்கியதை எழுப்ப நேரம் பிடிக்கிறது. அலுவலகத்திலிருந்து வந்ததும் தமிழில் சொல் வராமல் முட்டுவது மொழிப்பற்றுக் குறைவால் அல்ல.

மனவலிமை பெற்றோல் மாதிரித் தீர்ந்துபோகுமா? சீனி சாப்பிட்டால் கூடுமா?

தீரும் என்று 1998இல் தொடங்கிய கருத்து பல வருடம் ஓடியது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் ஒரே முறையில் சோதித்தபோது விளைவு பூச்சியத்தை ஒட்டி நின்றது. மூளை உடல் நிறையில் 2 சதவீதம், சக்தியில் 20 சதவீதம் எடுப்பது உண்மை. ஆனால் கடினமான கணக்குக்காக அது கூடுதலாக எடுப்பது மிகச் சிறிது. ஒரு போத்தல் சோடாவுக்கு அங்கே வேலை இல்லை.

பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துருதுருப்புக் கோளாறு) இருக்கிறதா என்று மூளை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?

எடுக்க வேண்டாம், காசு வீண். எம்.ஆர்.ஐ.யிலும் ஈ.ஈ.ஜி.யிலும் குழுக்களுக்கு இடையே சராசரி வித்தியாசம் தெரியும். ஒரு பிள்ளையை வைத்து ஆம், இல்லை சொல்லும் அளவுக்கு அது பிரியாது. எடுத்துக்காட்டாக, 2007இல் ஷோ குழு புறணி தடிப்பின் உச்சத்தை அடையும் வயதின் இடையம் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் 10.5, மற்றவர்களில் 7.5 என்று கண்டது. பாதை ஒன்றே, வேகம் பிந்துகிறது. ஆனால் தனிப் பிள்ளைகளின் அளவுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். 'மூளை வரைபடம்' என்று நிறம் தீட்டி விற்பவர்களிடம் இதைக் கேளுங்கள்.

நிர்ணயம் பேசியும் பார்த்தும்தான் செய்யப்படுகிறது: கவனச்சிதறலுக்கோ துருதுருப்புக்கோ உள்ள ஒன்பது அறிகுறிகளில் ஆறு (17 வயதிலிருந்து ஐந்து), ஆறு மாதத்துக்கு மேல், 12 வயதுக்கு முன் தொடங்கி, வீடு பாடசாலை போல இரண்டு இடங்களிலாவது. பாடசாலையில் மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கேட்கும் திறன், பார்வை, இரும்புச்சத்து, இரவில் குறட்டை, விளங்காத மொழிமூலம். எல்லாம் முதலில் பார்க்கப்பட வேண்டியவை.

ஒரு இடத்தில் மட்டும் ஈ.ஈ.ஜி. அவசியம். பிள்ளை பேச்சின் நடுவே பத்து செக்கன் அளவு வெறித்து நின்று, தோளைத் தொட்டாலும் திரும்பாமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது பகற்கனவாக இல்லாமல் சிறு வலிப்பாக இருக்கலாம். பகற்கனவு தொட்டால் கலையும். அப்படியான ஒரு தடவையைப் போனில் படமெடுத்து வைத்தியரிடம் காட்டுங்கள். பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற அரச இடங்களில் நரம்பியலும் சிறுவர் மனநலமும் உண்டு. பாடசாலைத் தேர்ச்சி அறிக்கைகளையும் ஆசிரியர் எழுதிய குறிப்பையும் கையில் கொண்டுபோங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா தட்டில் இடப்பக்கச் சோற்றைத் தொடுவதே இல்லை. பிடிவாதமா?

இல்லை. வலது உச்சிமடலும் அதைச் சுற்றிய பகுதிகளும் பாதிக்கப்பட்டால் இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து விழுந்துவிடும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்வார், கதவின் இடச்சட்டத்தில் இடிபடுவார், 'எல்லாம் சரி' என்றும் சொல்வார். இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது மூளை இரண்டையும். அதனால்தான் வலது போனால் ஈடுசெய்ய ஆளில்லை.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, 20 சென்ரிமீற்றர் கோடு ஒன்று போட்டு நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள். குறி வலப்பக்கம் தள்ளிப் போகும். இன்னொரு தாளில் 40 சிறு கோடுகளைப் பரவலாகப் போட்டு எல்லாவற்றையும் வெட்டச் சொல்லுங்கள்; இடப்பக்கத்தவை வெட்டாமல் கிடக்கும். தாளை அவருக்கு நேர் நடுவில் வையுங்கள், கோடு போடும்போது நகர்த்தவிடாதீர்கள். அரைப்பார்வை இழப்பிலும் இடப்பக்கம் தெரியாது, ஆனால் அவர்கள் தலையைத் திருப்பித் தேடுவார்கள். கவனம் இழந்தவர் தேட மாட்டார். அங்கே தேட ஒரு பக்கம் இருப்பதே தோன்றாது.

வீட்டில்: தட்டை அரைவாசி உணவு நேரத்தில் திருப்பிவிடுங்கள். பத்திரிகையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் அதுவரை போய்வரப் பழக்குங்கள். அழைப்பு மணி, தண்ணீர், மருந்து ஆகியவை ஆரம்பத்தில் வலப்பக்கமே இருக்கட்டும். பயிற்சிக்கென்று உள்ள நேரத்தில் மட்டும் இடப்பக்கமிருந்து பேசுங்கள்.

அம்மம்மா நேற்று வரை நன்றாக இருந்தார், இன்று பேச்சுத் தொடர்பில்லாமல் இருக்கிறது. மறதி நோய் தொடங்கிவிட்டதா?

மறதி நோய் ஒரு இரவில் தொடங்காது. மணிகளில், நாட்களில் வந்து, காலையில் தெளிந்து இரவில் கூடும் குழப்பம் டெலிரியம். அதில் முதலில் உடைவது கவனம். டிசம்பரிலிருந்து மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். முன்பு முடிந்தவர் இன்று ஏழு மாதத்தைக்கூடப் பிழையின்றித் தாண்டவில்லை என்றால் அன்றைக்கே வைத்தியசாலை. ஆங்கில மாதங்கள் பழக்கமில்லாதவரிடம் கிழமை நாட்களைக் கேளுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி. முகம் கோணல், கை விழுதல், நாக்குழறல் சேர்ந்திருந்தால் பக்கவாதமாக இருக்கலாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணித்தியாலம்தான் வாய்ப்பு.

எண்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையும் உண்டு: செக்கனுக்கு ஒன்று, ஒரே குரலில். முன்னோக்கி 5 முதல் 9 வரை வழமை, பின்னோக்கி ஒன்றிரண்டு குறையும். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொன்னால் எண்ணிக்கை பொய்யாகக் கூடும். மொழியும் கணக்கு. வெல்ஷ் மொழி எண்கள் உச்சரிக்க நீளமானவை என்பதால் அதில் நினைவு வீச்சு குறைவாக வந்ததை 1980இல் காட்டினார்கள். அம்மம்மா போன் நம்பரை எந்த மொழியில் சொல்வாரோ அந்த மொழியில் சோதியுங்கள்.

காரணம் பெரும்பாலும் மூளைக்கு வெளியே இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை, மலச்சிக்கல். குடிக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பெயர் எழுதின துண்டு மட்டும் காணாது. மூக்குக்கண்ணாடியையும் காதுக் கருவியையும் மறக்காதீர்கள். அவை இல்லாமல் வாட்டில் படுத்தால் குழப்பம் கூடும்.

மூளைப் பயிற்சி ஆப் வாங்கலாமா?

விளையாட்டில் கெட்டிக்காரராவீர்கள். 2010இல் 11,430 பேர் ஆறு வாரம் பயிற்சி செய்தபோது, பழகிய விளையாட்டில் முன்னேற்றம், பழகாததற்கு அது கடக்கவில்லை. 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு இப்படியான ஒரு நிறுவனத்திடமிருந்து, விளம்பரத்தில் மிகைப்படுத்தியதற்காக 20 இலட்சம் டொலர் வாங்கியது.

இரவு ஒரு மணி வரை படிக்க பிளேன்டீ குடிக்கிறேன். பரவாயில்லையா?

தேநீரில் உள்ள கஃபீன், மூளைக்குக் களைப்பைச் சொல்லும் அடினோசின் என்ற இரசாயனத்தின் இடத்தில் போய் உட்கார்ந்து, களைப்புச் செய்தியை மறைக்கிறது, களைப்பை எடுப்பதில்லை. இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் எடுக்கும், ஆளுக்காள் மாறும். பத்து மணிக்குக் குடித்த கோப்பையின் பாதி மூன்று மணிக்கும் உள்ளே. நாளுக்கு ஆறு மணித்தியாலம் வீதம் 14 நாள் தூங்கியவர்களின் கவனத் தவறுகள், ஒரு இரவோ இரண்டு இரவோ தூங்காதவர்களின் அளவுக்கு வந்ததை 2003இல் கண்டார்கள். அவர்களிடம் கேட்டபோது, கொஞ்சம்தான் தூக்கமாக இருக்கிறது என்றார்கள். கடைசிக் கோப்பையை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாடத்தைக் காலையில் பாருங்கள்.